சீனத்துப் போலீஸ்காரியும் எங்கள் அத்தையும்

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் கராத்தே படம் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டிலும்தான், மறைக்காதீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பேரப்பிள்ளை செல்போனில் எதைப் பார்க்கிறதோ என்று கவலைப்படும் நம் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் மொட்டை மாடியில் "ஹூ", "ஹா" என்று கத்தியபடி துணிக்கொடியை உதைத்தவர்கள்தான். நான் பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு உதைத்தேன். அம்மா விளக்குமாற்றால் அடித்தாள். அடி வாங்கிய பிறகும் உதைத்தேன்.

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "அந்த மாதிரி அடிதடிப் படம் பாத்துத்தான் நம்ம ஊர்ல பாதிப் பேர் கெட்டுப்போனாங்க." கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். எங்கள் வீட்டைப் பற்றியும் சொந்தக்காரர்கள் இத்தனை வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சீனாப் படத்தைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்களுக்குப் புத்தி பிசகிவிட்டதாம். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிசகியதா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பா ஹெட் கான்ஸ்டபிள். வீட்டில் பேச்சு கம்மி. அவருடைய தங்கை, அதாவது என் அத்தை, புருஷன் வீட்டில் அடி பொறுக்காமல் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தவள். கடலைக்கடை மூலைக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ரிப்பன் மை. எல்லாருக்கும் இளையவர் சித்தப்பா. வேன் ஓட்டினார். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிவருவதாகச் சொன்னார். மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் எனக்குத் தேன் கொண்டுவருவார், பிராந்தி பாட்டிலில். அவர் சட்டையில் எப்போதும் சந்தன வாசனை அடிக்கும். "தெனம் கோயிலுக்குப் போறான் பாரு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். புளி மூட்டைக்குக் கீழே என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியாது. போலீஸ்காரர் வீட்டில் யாருக்குமே தெரியவில்லை என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

எதிர்வீடு வீடியோ கடை பாய் வீடு. முன்னறையில் கடை, பின்கட்டில் குடித்தனம். பாய் மாதத்துக்கு ஒருமுறை மெட்ராஸ் போய் கேசட் வாங்கிவருவார். ஒருமுறை கட்டோடு ஒரு தவறான கேசட் வந்துவிட்டது. அட்டையில் ஒரு பெண் போலீஸ் துப்பாக்கியோடு நிற்கிறாள், சுற்றிலும் சீன எழுத்து. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அவர்கள் பேசுவது கான்டனீஸ் என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அப்போது எல்லாமே சீனாப் படம். வாடகைக்கு எடுத்தவர்கள் அரை மணியில் திருப்பிக் கொடுத்தார்கள். "இது ஓடாது, பொம்பளைங்க பாத்துக்கங்க" என்று பாய் அதைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார்.

பகலில் சமையல் முடிந்து, ஆண்கள் வெளியே போனதும், தெருப் பெண்கள் பாயின் மனைவி பாயம்மாவின் கூடத்தில் கூடுவார்கள். சன்னலில் கோணி கட்டித் தண்ணீர் தெளித்திருக்கும். மலையிலிருந்து அடிக்கிற அனல் அந்த ஈரக்கோணியில் பட்டு வைக்கோல் வாசனையோடு உள்ளே வரும். நடுவில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு முறம். அத்தை இன்ஸ்டிட்யூட்டிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவள் திரும்பிப் போக மாட்டாள்.

படத்துக்குத் தமிழ் கொடுத்தது அவள்தான். ஒரு வார்த்தை புரியாது. முகத்தைப் பார்த்தே பேசுவாள். கதை இதுதான்: அக்கா போலீஸ். தம்பி துறைமுகத்தில் ஒரு கும்பலில் சேர்ந்துவிட்டான். அம்மாக்காரி சந்தில் மீன் கஞ்சி விற்கிறாள். கும்பல் தலைவன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரிய காரின் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருப்பான், கீழே இறங்கவே மாட்டான். அந்தப் போலீஸ்காரி மேலதிகாரி முன்னால் நிற்கும்போது அத்தை, "சார், எனக்கு டியூட்டி பெருசுதான், ஆனா அவன நான் இடுப்புல தூக்கி வளத்தேன் சார்" என்பாள். சீன வாய் அசைவுக்கு அது அப்படிப் பொருந்தும். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். சண்டை வந்தால் அத்தை பேச்சை நிறுத்திவிடுவாள். அந்தப் போலீஸ்காரி ஒருத்தியாகவே பத்துத் தடியன்களை மீன் பெட்டிகளுக்கு நடுவே உதைத்து வீழ்த்துவாள். அப்போது அந்தக் கூடத்தில் மல்லாட்டை உடைக்கிற சத்தம்கூடக் கேட்காது. புருஷனிடம் அடி வாங்காத பெண் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

கடைசியில் ஐஸ் ஃபாக்டரியில் அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் குறிபார்த்து நிற்பார்கள். அக்கா சுட்டுவிடுவாள். தம்பி அவள் மடியிலேயே சாவான். தூரத்தில் அந்தப் பெரிய கார் கிளம்பிப் போகும்.

முதல் நாள் இதற்குப் பெரிய சண்டையே வந்துவிட்டது.

"போலீஸ்னா போலீஸ்தான். வேற என்ன பண்ணுவா?" என்றாள் அம்மா. போலீஸ்காரர் பெண்டாட்டி அல்லவா.

"கூடப்பொறந்தவன சுடுறதுக்கு எதுக்கு அந்த உத்தியோகம்? தூக்கிப் போட்டுட்டு வரட்டும்" என்றாள் பூ கட்டுகிற அக்கா.

பாயம்மா முறத்திலிருந்து தோலை ஊதித் தள்ளியபடி சொன்னார்: "ரெண்டும் முட்டாளுங்க. அக்கா தம்பிய கொல்லுது, தம்பி அக்காவ கொல்ல வருது. கார்ல குந்திகினு இருக்கானே, அவன் சிரிச்சுக்கினு போறான். அவன் பேரைச் சொல்றதுக்கு ஒரு வாய் இல்லயா அந்தப் புள்ளைக்கு?"

அத்தை வீடு திரும்பும்போது வாசலில் நின்று, "பாயம்மா சொல்றது சரிதான்டி" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே அந்தச் செய்தி வந்தது. மலையடிவாரத்துச் செக்போஸ்ட்டில் ஒரு வேன் தடுப்பை உடைத்துக்கொண்டு போய்விட்டது. தடுத்த காவலருக்குக் கால் முறிந்தது. கொஞ்ச தூரத்தில் வேனை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். புளி மூட்டைக்குக் கீழே சந்தனக் கட்டைகள். சித்தப்பா ஓட்டுகிற வேன் அது.

மறுநாள் காலை கடத்தல்காரர்களைப் பிடிக்க வெளியூரிலிருந்து வந்த ஸ்பெஷல் பார்ட்டிப் போலீஸ் எங்கள் வீட்டில் நுழைந்தது. அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். பரணிலிருந்த பாத்திரங்களை உருட்டினார்கள். அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை வெளியே வீசினார்கள். அப்பா காக்கிக் கால்சட்டையும் பனியனுமாக வாசற்படியில் நின்றார். தடுக்கவில்லை. தலைமை வகித்த அதிகாரி டி.வி. மேலிருந்த கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ஸ்டிட்யூட் விடுமுறையில் வாடகைக்கு டெக் எடுத்துப் பார்க்கலாம் என்று பாயம்மாவிடம் அத்தை கேட்டு வாங்கி வைத்திருந்தது.

"என்னய்யா எழுத்து இது?"

"சீனா சார்" என்றேன் நான்.

"சீனாவா?" அவர் முகம் மாறியது. "ஃபாரின் லிங்க் இருக்குது போல." கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை. எந்தக் கேஸ் கட்டோடு எங்கே மக்கிப்போனதோ. அந்தப் போலீஸ்காரியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

அன்று மத்தியானம் சொந்தக்காரர்கள் வந்து கூடிவிட்டார்கள். அப்பாவின் பெரியப்பா மகன், நான் பெரியப்பா என்று கூப்பிடுபவர், கூடத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "பேப்பர்ல போட்ரு, எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லனு. இல்லன்னா அவன் இருக்கற எடத்தக் காட்டிக் குடுத்துரு. உன் உத்தியோகமாவது மிஞ்சும்" என்றார் அப்பாவிடம். அம்மா அழுதாள். அப்பா இலையில் ரசத்தைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல், வேலை அலுப்பில் பேசுபவர் போலச் சொன்னார்:

"இந்த ஸ்பெஷல் பார்ட்டி கையில சிக்குனா ஒத்துக்க வெச்சுருவானுங்க. எவன் வண்டி ஓட்னான்னுகூட கேக்க மாட்டானுங்க. ஆனா இப்பல்லாம் கேடிங்க உஷாராயிட்டானுங்க. வக்கீல வெச்சுக்கினு நேரா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி போய் நின்னுடறானுங்க. அப்புறம் நாங்க அவ்ளோ சீக்கிரம் கை வெக்க முடியாது. பகல்ல, கூட்டத்தோட கூட்டமா வந்துடறானுங்க. என்ன பண்றது."

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "தம்பி தலைக்கு மேல கத்தி தொங்குது, இவன் டிபார்ட்மென்ட் கஷ்டம் பேசறான். கல்லு மனசுய்யா உனக்கு."

அத்தை மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய கை ஒரு கணம் நின்றது. அப்பாவின் இலைக்கு மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

சித்தப்பா எங்கே இருக்கிறார் என்பது அத்தைக்குத் தெரியும். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துத் தோப்பில் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருந்த ஒரு வீடு. அங்கே ஒரு வெள்ளைக்காரர் மௌன விரதம் இருந்தார். அவருக்குச் சமையல்காரராக, தலையை மழித்துக்கொண்டு, சித்தப்பா சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. சித்தப்பாவோ ஓயாமல் பேசுகிற மனிதர். நானும் அத்தையும் கீரைக்கட்டோடு பின்பக்கமாகப் போனபோது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கிணற்றடிக்கு இழுத்துப் போய்க் கொட்டித் தீர்த்தார்.

"அக்கா, நான் ஓட்டலக்கா. சாமி சத்தியமா. மொதலாளியோட மச்சான்தான் ஓட்னான். நான் பக்கத்துல குந்தியிருந்தேன். நிறுத்துடான்னு கத்தனேன். இப்ப நீ ஒத்துக்க, குடும்பத்த நாங்க பாத்துக்கறோம்னு சொல்றானுங்க. இல்லன்னா..."

"கட்டை ஏத்துனது நீதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாக்கா."

"அப்ப அதுக்கு ஜெயிலுக்குப் போ. அடுத்தவன் பண்ணதுக்குப் போவாத. மொதலாளி பேரு, மச்சான் பேரு, எங்க வெட்றாங்க, எங்க எறக்கறாங்க, எல்லாத்தையும் மாஜிஸ்ட்ரேட் கிட்ட சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்னைக் கொன்னுடுவானுங்கக்கா."

"ஒளிஞ்சிருந்தாத்தான்டா கொல்லுவானுங்க. ஊரே பாக்கறாப்ல போனா எவன் கொல்லுவான்?"

இன்ஸ்டிட்யூட்டில் மனு அடிக்க வரும் ஒரு வக்கீலிடம் அத்தை பேசினாள். அவர் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார். ஆட்டோவில் போனால் வழியில் மடக்கிவிடுவார்கள் என்பதால் நடந்தே போவது என்று முடிவு. ஒரு முகூர்த்த நாளைப் பார்த்தாள்.

அந்தக் காலை நேரம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஊரெல்லாம் கல்யாணக் கூட்டம், பட்டுப்புடவைகள், மாலை மூட்டைகள், எங்கேயோ நாதசுர மைக். அத்தை இஸ்திரி போட்ட நீலப் புடவையில் முன்னால் நடந்தாள். சித்தப்பா வெள்ளை வேட்டி, மொட்டைத் தலை. அவர் இடது கையை நான் பிடித்திருந்தேன். நான் வரக் கூடாது என்று அம்மா கதவைச் சாத்தியிருந்தாள். நான் புழக்கடைச் சுவரேறிக் குதித்து வந்துவிட்டேன். பாயம்மா கறுப்புப் புர்காவில் வலப்பக்கம். தேரடி தாண்டியதும் பூ கட்டுகிற அக்கா கூடையோடு சேர்ந்துகொண்டார். பிறகு கூடத்தில் மல்லாட்டை தின்ற ஒவ்வொருத்தியாக, கடைக்குப் போகிறவள் மாதிரி பையோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு திருப்பத்தில் பின்னால் பார்த்தேன். அம்மா வந்துகொண்டிருந்தாள். கோபமாகத்தான் வந்தாள், ஆனால் வந்தாள்.

கோர்ட்டு வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் ஜீப் வந்து குறுக்கே நின்றது. அதே அதிகாரி இறங்கினார்.

"டேய், ஏறுடா வண்டில."

"அவன் ஏற மாட்டான் சார். உள்ள போறான்" என்றாள் அத்தை.

"நீ யாரும்மா?"

"அக்கா."

"சரண்டர் தானே? நாங்களே கூட்டிட்டுப் போறோம். ஏறச் சொல்லு."

"இவ்ளோ தூரம் நடந்துட்டோம் சார். அந்த வாசல் வரைக்கும் நடந்துடறோம்."

கூட்டம் கூடிவிட்டது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி வாசலைப் பார்த்துக் கத்தினார். அங்கே பந்தோபஸ்து டியூட்டியில் இருந்தது அப்பா. அன்று அங்கே டியூட்டி கேட்டு வாங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"யோவ் ஏட்டு! புடிய்யா அவன!"

அப்பா வந்தார். எங்களைத் தாண்டி, அதிகாரிக்கு நேர் எதிரே போய் நின்று, பூட்ஸ் காலைத் தரையில் அறைந்து ஒரு சல்யூட் அடித்தார்.

"சார்! கோர்ட்டு நடந்துகிட்டு இருக்குது சார்!"

"தெரியும்யா, நகரு."

"சார்! மாஜிஸ்ட்ரேட் ஐயா உக்காந்திருக்காரு சார்!" உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கிற குரல். எங்கள் வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கையை இறக்கவில்லை. சல்யூட் அடித்துக்கொண்டு நிற்பவனை, அத்தனை பேர் முன்னிலையில், எப்படிப் பிடித்துத் தள்ளுவது? அதிகாரி இடப்பக்கம் நகர்ந்தால் அப்பாவும் நகர்ந்தார். வக்கீல் உள்ளேயிருந்து கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தார். நாங்கள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வாசலுக்குள் போய்விட்டோம். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. நாங்கள் படியேறும்வரை அந்தக் கை தொப்பியிலேயே இருந்தது.

சித்தப்பா எல்லாப் பெயர்களையும் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். படத்தில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. வேன் ஓட்டிய மச்சான் ஜெயிலுக்குப் போனார். முதலாளி கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு ஜாமீனில் வந்து, பிறகு விடுதலையும் ஆகி, ஊரில் பெரிய கல்யாண மண்டபம் கட்டினார். உங்களில் பாதிப் பேர் அதில்தான் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தீர்கள். நான் அதன் வாசலை மிதித்ததில்லை. உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பதில்.

சித்தப்பா சில வருஷம் வேலூர்ச் சிறையில் இருந்தார். கை கால் முழுசாகத் திரும்பி வந்தார். செங்கம் ரோட்டில் ஒரு சின்ன டிபன் கடை போட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று அவர் தோசையைத் தின்றார்கள். அத்தை கடைசிவரை யாரோடும் சேர்ந்து வாழப் போகவில்லை. அந்த இன்ஸ்டிட்யூட்டையே எடுத்து நடத்தினாள். ஊரில் பாதி குமாஸ்தாக்கள் அவளிடம் கற்றவர்கள். சாகும்போதும் விரல் நுனியில் மை போகவில்லை.

அப்பாவை உடனே தூரத்து ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு வரவே இல்லை. ஏட்டாகவே ஓய்வு பெற்றார். தம்பியை ஜெயிலுக்கு அனுப்பியவன் என்று சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பேசினார்கள். திருடனைக் காப்பாற்றிய போலீஸ் என்று மீதிப் பேர் பேசினார்கள். இரண்டு பேச்சும் ஒரே ஆளைப் பற்றி எப்படி உண்மையாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ரொம்ப வயதான பிறகு ஒருநாள் நானே கேட்டேன், அன்றைக்கு என்ன நினைத்தீர்கள் என்று.

"என்ன நெனைக்கறது? கோர்ட்டு நடந்துகிட்டு தானே இருந்துச்சு?" என்றார்.

இப்போது நான் வேங்கிக்காலில் இருக்கிறேன். அந்தக் காலத்தில் மல்லாட்டைக் கொல்லையாகக் கிடந்த இடம். இப்போது கலெக்டர் ஆபீஸ், வரிசை வரிசையாகப் புது வீடுகள். சென்ற மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெரியப்பாவின் மகன் முந்தின நாளே போன் செய்தான். "சித்தப்பாவ மட்டும் அன்னிக்கு வர வேணாம்னு சொல்லிடு. கேட்டா பதில் சொல்ல முடியாது." சித்தப்பாவும், "எனக்கு மூட்டு வலிம்மா, நான் வரல" என்றார். நான் காரை எடுத்துப் போய் அழைத்துவந்து, கூடத்தில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தேன்.

கேசரி கொடுத்து முடித்ததும் மாப்பிள்ளையின் தாத்தா தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க குடும்பத்துல யாரோ ஜெயிலுக்குப் போனதா கேள்விப்பட்டோம்."

என் கணவர் தரையைப் பார்த்தார்.

"நெஜம்தாங்க" என்றேன். "இதோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்காரே, இவர்தான். என் சித்தப்பா. தப்பு பண்ணாரு. நாங்கதான் கையைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போய் விட்டோம். வெளிய வந்த அன்னிக்கு ஜெயில் வாசல்ல போய் நின்னு கூட்டிட்டு வந்ததும் நாங்கதான். எங்க பொண்ணும் அப்படித்தான் இருப்பா. உங்க பையன் தப்பு பண்ணா மூடி மறைக்க மாட்டா. கைய விட்டுட்டும் போவ மாட்டா. உங்களுக்கு சம்மதம்னா தேதி பாருங்க. இல்லன்னா இன்னும் கொஞ்சம் கேசரி சாப்ட்டுட்டுப் போங்க."

சித்தப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தாத்தா தன் பிள்ளையை, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார், அவர் சுவரைப் பார்த்தார். அதுவரை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"காலண்டர் எங்க மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்.